அஜந்தன் சொன்ன ‘சரி’

ஜூன் 6, வெள்ளி

பார்மசியில் நாள் முழுக்கக் கூட்டம், கால் கடுக்கிறது. ஞாயிறன்று கண்டி டவுனில் கார்ட் போட்டிக்கு நடுவராக நிற்க வேண்டும். ஜெயிப்பவருக்குக் கொழும்பில் தேசியப் போட்டியில் இடம்.

“நீதவான் அம்மா சூதாட்டத்துக்கு தீர்ப்பு சொல்லப் போறாங்க” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். சூதில்லை, மந்திரவாதிகளும் மிருகங்களும் மோதிக்கொள்ளும் கார்ட் விளையாட்டு என்று எத்தனை தரம் சொல்வது! யாராவது பிழையாக ஆடினால் ஆட்டத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், பிழைக்கு முன்பிருந்த இடத்தில் விடுவது என் வேலை. உப்புக் கரித்த குழம்பை அப்படிச் செய்ய முடியுமா?

ஜூன் 8, ஞாயிறு

இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அஜந்தன்: மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. மறுபக்கம் தினுக, கம்பஸில் பட்டம் படிக்கும் சிங்களப் பையன். அஜந்தன் தன் முறையில் ஒரு கார்ட்டைப் போட்டுவிட்டு, கையில் இருந்ததைப் பார்த்தபடி “சரி... சரி...” என்று முனகினான். அவன் முடித்துவிட்டான் என்று எண்ணி தினுக தன் முறையைத் தொடங்கி அடுத்த கார்ட்டை இழுத்துவிட்டான். என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஹரி கிவ்வா, மிஸ்” என்றான் தினுக. சரி சொன்னான் என்கிறான். பொய்யில்லை, அவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

“யோசிச்சுக்கிட்டு இருந்தேன் அக்கா, இன்னும் முடிக்கல” என்றான் அஜந்தன்.

எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் யோசிக்கும்போது அப்படித்தான் சொல்வோம். மாத்திரை எண்ணும்போது நானே சொல்வேன். இழுத்த கார்ட்டைத் திருப்பி வைத்து, அஜந்தனைத் தொடர விட்டிருக்க வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், தமிழில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு முகம் சுட்டது.

முறை முடிந்தது, ஆட்டம் தொடரட்டும் என்றேன். சிங்களத்தில். அஜந்தனைப் பார்த்தும் சிங்களத்தில்.

அடுத்த முறையிலேயே தோற்றான். கையில் மிச்சமிருந்த கார்ட்டை மேசையில் மலர்த்தி வைத்தான். அதைப் போட விட்டிருந்தால் அவன்தான் வென்றிருப்பான்.

ஜூன் 9, திங்கள்

மண்டபத்தில் ஒரே சத்தம், ஒன்றும் கேட்கவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாகத்தான் கேட்டது.

ஜூன் 12, வியாழன்

தலைமை நடுவர் ரிஸ்மிக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். “ஆட்டம் முடிஞ்சி, ரெண்டு பேரும் ரிசல்ட் தாள்ல கையெழுத்தும் வெச்சிட்டாங்க. இனி மாத்த ஏலா” என்றார். பிறகு, “அப்பீல் கேக்கலாம்னு அவருக்கு சொன்னீங்களா?”

இல்லை. தீர்ப்பை ஏற்காதவர் தலைமை நடுவரைக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும் நடுவர் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை. ரிஸ்மி வந்தால் தீர்ப்பை மாற்றிவிடுவார், தன் ஆளுக்குச் சாய்ந்தாள் என்று யாராவது சொல்வார்கள் என்று பயந்தேன். யாருமே அப்படிச் சொல்லவில்லை! சொல்லாத பேச்சுக்குப் பயந்து ஒரு பிள்ளையின் ஆட்டத்தை வாரிக் கொடுத்துட்டேனே.

“அப்ப அவர்ட்டயே போய் சொல்லுங்க” என்றார் ரிஸ்மி.

ஜூன் 16, திங்கள்

அஜந்தனின் கடை வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன்.

ஜூன் 21, சனி

இன்று சொல்லிவிட்டேன். அஜந்தன் ஒரு போனைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் தீர்ப்பு பிழை, அப்பீல் கேட்கலாம் என்பதையும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன் என்றேன்.

“அப்பீல் இருக்கிறது தெரியும் அக்கா. சுவத்துலயே ஒட்டியிருந்தாங்களே.”

“பின்ன ஏன் கேக்கல?”

“சிங்கள ஜட்ஜ்னா கேட்டிருப்பேன். நீங்க நம்ம ஆளு. நீங்களே முடிஞ்சிருச்சுன்னு சொல்றீங்கன்னா, நான்தான் பெசகிட்டேன்னு நெனச்சேன்.”

கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருக்கலாமே, பாவி! ஒரு வாடிக்கையாளர் வந்தார். நான் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவன் பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஜூன் 29, ஞாயிறு

கொழும்பில் போட்டி. தினுக போயிருக்கிறான். நான் துணி துவைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி போட்டி. போகமாட்டேன் என்றுதான் இருந்தேன், பிள்ளைகள் ‘நானா’ என்று கூப்பிடும் அந்த அண்ணன் ரிஸ்மி விடவில்லை. அஜந்தனும் வந்திருந்தான். ஆட்டத்தின் நடுவில் நடுவரைக் கேட்டுக் கை உயர்த்தினான். அந்த மேசை வரிசை என் பொறுப்பு. தன் முறையில் இழுக்க வேண்டிய கார்ட்டை மறந்துவிட்டான், இப்போது எதிராளியின் முறை பாதி நடந்துவிட்டது. இனி இழுக்க முடியாது. சந்தேகத்துக்கே இடமில்லாத விதி. தமிழில் சொன்னேன், பிறகு சிங்களத்தில் சொன்னேன். அப்பீல் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

“ரிஸ்மி நானாவ கூப்பிடுங்க அக்கா” என்றான். மரியாதையாகத்தான்.

போய்க் கூட்டி வந்தேன். நான் சொன்னதையே ரிஸ்மியும் சொன்னார். அதன் பிறகுதான் அஜந்தன் கீழே வைத்திருந்த தன் கார்ட்டுகளைக் கையில் எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தான்.