தொட்டியில் போட்ட வைக்கோல்

அன்பு மகளுக்கு,

நலம்தானே? கிறிஸ்துமஸ் குடில் கட்டியாகிவிட்டது. நீ சிறுமியாக இருந்தபோது செய்தது போலவே, நற்செயலுக்கு ஒரு வைக்கோல் என்று பாலன் இயேசு படுக்கும் தொட்டியில் போட்டு வந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முடியுமுன்பே நிரம்பிவிட்டது. ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைக்கிறேன்.

நேற்று உன் அப்பா பார்த்துவிட்டு, "அடேயப்பா, மாடே வந்து மேயலாம் போலிருக்கே! இவ்வளவு புண்ணியம் எப்போ பண்ணினே?" என்றார்.

"அவ நம்மள மீறிப் பண்ணிக்கிட்ட கல்யாணத்தப் பத்திப் பேச்சு வந்தப்பல்லாம் திட்டாம வாயை மூடிக்கிட்டு இருந்தேன்ல, அதுக்குத்தான்."

"பெத்த பொண்ணுகிட்டயும்தான் பேசல. அதுக்கும் வைக்கோலா? நல்லா இருக்குடி உன் கணக்கு!"

வீட்டுக் கணக்கில் ஒரு நாளும் தவறாதவள் நான். இன்று கோயிலில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வருமுன்பே வீடு திரும்பினேன். அத்தனை வைக்கோலையும் அள்ளி வெளியே போட்டேன்.

மாப்பிள்ளை காபிக்குச் சர்க்கரை போடுவாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. திருவிழாவுக்கு இருவரும் வாருங்கள்.

இதைத் தபாலில் போட்டதும் ஒரு வைக்கோல் வைக்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "அவ வாசல்ல வந்து நிக்கட்டும், அப்புறம் வை" என்கிறார். தொட்டி வெறுமையாகவே இருக்கிறது.

வாசலைப் பார்த்தபடி,
அம்மா