தெருவில் இறங்கும் பெண்

அன்பான அம்மாவுக்கு, லுவீனியா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இந்த வடக்கத்தி ஊருக்குச் சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள். கொலைக் கதை, துப்பறிகிறவர் நம் கறுப்பினத்தவர். கதை நடப்பது நம் மிசிசிப்பியில். அங்கே போனால் வெள்ளைக்காரர்கள் அடிக்க வருவார்கள் என்று பயந்து, இங்கேயே மிசிசிப்பி என்று பலகை மாட்டிவிட்டார்கள். கூட்டத்தில் நடக்க ஆள் கேட்டார்கள், போனேன்.

காட்சியில், நம் ஊர் வழக்கப்படியே, வெள்ளைக்காரர் எதிரே வந்தால் நான் நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்க வேண்டும். இறங்கினேன். இயக்குநர் கைதட்டிவிட்டார்.

“அடேங்கப்பா, தலைகூட தானா குனியுதே! எங்கம்மா நடிப்புக் கத்துக்கிட்ட?”

“எங்கம்மாகிட்டங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். சின்ன வயதில் கடைத்தெருவில் நீங்கள் என் கையை வெடுக்கென்று இழுத்து நடைபாதையிலிருந்து இறக்கியது எனக்கு ஞாபகம் வந்தது. என் உயிருக்குப் பயந்துதான் இழுத்தீர்கள், வருத்தமில்லை அம்மா. ஆனால் மறுபடி மறுபடி இறங்கி, அன்றைக்குக் களைத்துப் போனேன்.

“இறங்குறதுக்கு வேற ஆளப் பாருங்கய்யா. சர்ச் வாசல்ல நிக்கச் சொல்லுங்க, நிக்கிறேன்” என்றேன். அடுத்த மாதம் அந்தக் காட்சியாம், சரி என்றார் இயக்குநர்.

அதனால் நான் சர்ச்சுக்குப் போடும் நீலத் தொப்பியை அனுப்புங்கள். கூடவே பீச் பழ ஜாம் ஒரு புட்டி. இங்கே கிடைப்பதில் உங்கள் கைமணம் இல்லை.

படம் அங்கே வந்தால், தியேட்டரில் நம்மவர்களை ஒதுக்கி உட்காரவைக்கும் மாடியிலிருந்து பார்ப்பீர்கள். தெருவில் இறங்குகிறவள் வரும்போது பேசாமல் இருங்கள். நீலத் தொப்பிக்காரி நிமிர்ந்து நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர்களிடம் “எம் பொண்ணு” என்று சத்தமாகவே சொல்லுங்கள்.

இதை வாங்கிப் போகத் தபால்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்.

உங்கள் லுவீனியா