வாய் திறக்காத வியாழக்கிழமை

ஜூலை 3, வியாழன்
பேத்தியின் பாலர் பள்ளியில் வாரம் ஒருநாள் வீட்டு ஆள் யாராவது வந்து பிள்ளையோடு உட்கார வேண்டுமாம். மகனுக்கு வேலை, மருமகளுக்கு வேலை. நான்தான் வெட்டியாக இருக்கிறேனாம். முழங்கால் உயர நாற்காலி. எழுந்திருக்கக் கைகொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

டீச்சர் குட்டியிடம், "இது என்ன கலர், செல்லம்?" என்றாள். குட்டி கம்மென்று இருந்தாள். "சிவப்பு" என்றேன்.

"அவளே சொல்லட்டுமே பாட்டி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. விளையாடக் கூப்பிட்டார்களா, என்னை வேவு பார்க்கவா?

ஜூலை 4
என்னைப் பற்றி டீச்சரிடம் மருமகள்தான் போட்டுக்கொடுத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில், பாத்திரம் துலக்கிக்கொண்டே போனில் தன் அக்காவிடம் சொன்னவள்தானே: "அத்தைக்கு வாய் மூடவே மூடாதுக்கா." மறப்பேனா?

ஜூலை 10, வியாழன்
இன்று பெற்றோருக்கு வகுப்பு. "பிள்ளைகிட்ட கேள்வி கேட்டா, மனசுக்குள்ள ஒரு வரி பாடி முடிக்கிறவரைக்கும் காத்திருங்க" என்றாள் டீச்சர். மூன்று பிள்ளை வளர்த்தவளுக்குப் பாட்டு வகுப்பு!

பிறகு தனியாகக் கூப்பிட்டாள். குட்டி இப்படியே பேசாமல் இருந்தால், மறுபடி சின்னப் பிள்ளைகள் வகுப்புதானாம். அவள் கூட்டாளி, அந்தச் சுருட்டைமுடிப் பிள்ளை, மேல் வகுப்புக்குப் போய்விடும், இவள் மட்டும் கீழே. ஐயோ, ஏங்கிப் போயிடுமே...

வீட்டில் கையைக் காட்டுவாள், எனக்குப் புரியும். அது போதாதா?

ஜூலை 16
மருமகள், "நாளைக்கு நான் லீவு போட்டுப் போறேன் அத்தை" என்றாள். ஓஹோ, நான் கெடுத்துவிடுவேனா?

"நான்தான் போவேன். வாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்பவும் பேசலேன்னா அந்த டீச்சரம்மா மூஞ்சியை எங்க வெச்சுக்கறான்னு பாக்கறேன்."

மகன் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

ஜூலை 17, வியாழன்
சொன்னபடி வாய் திறக்கவில்லை.

குட்டி கட்டைகளை அடுக்கியிருந்தாள். "இது யார் வீடு?" என்றாள் டீச்சர். குட்டி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். நாக்கு அரித்தது. கையை இழுத்தாள். ம்ஹூம். தாடையைப் பிடித்துத் திருப்பினாள். அதற்கும் ம்ஹூம்.

குட்டி என்னை விட்டுவிட்டு டீச்சரிடம் திரும்பினாள். வகுப்பே கேட்கிற மாதிரி:

"பாட்டிக்குக் கோவம். அதான் பேசல. இது பாட்டி வீடு. கதவு நான் வெப்பேன்!"

டீச்சர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் எதற்கு அழ வேண்டும்? இதிலும் ஏதோ இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்
நானே போனேன். குட்டி சுருட்டைமுடியோடு மேல் வகுப்புக்குப் போகிறாளாம்.

சாப்பிடும்போது மகன் குட்டியிடம், "இன்னைக்கு என்ன விளையாடினே?" என்று கேட்டான். பதில் என் நாக்கு நுனியில். மனதுக்குள் ஒரு வரி பாடினேன்.

உதடு அசைந்ததை மருமகள் பார்த்துவிட்டாள். அக்காவுக்குப் போன் போகும்.