நீ உட்காராத நாற்காலி

மல்லிகைப் பூவும் ஜெனரேட்டர் புகையும் கலந்த அந்த வாசனை இன்று மண்டப வாசலிலேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. பாளையங்கோட்டையில் அதே கல்யாண மண்டபம், வேட்பாளர்களிடம் மக்கள் கேள்வி கேட்கும் அதே தொலைக்காட்சி நிகழ்ச்சி, இன்னொரு தேர்தல். கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு பெண் வந்து, "என்ன கேள்வி கேக்கப் போறீங்கம்மா?" என்றாள். உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது.

போன தேர்தலில் உன்னிடமும் இப்படித்தான் ஒருத்தி கேட்டாள். மீன் விற்று முடித்து, கூடையை என் தையல் கடையில் போட்டுவிட்டு, நீலச் சேலையில் வந்திருந்தாய். உன் ஊர் புன்னக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடிட்டு, உன் வீட்டுக்காரரின் வள்ளம் கவிழ்ந்து, அவர் கால் ஒடிந்து கிடந்த நேரம் அது. அதே வழியாகத்தான் உன் மகனும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"ஆத்து வாயில கெடக்க மணல எப்ப அள்ளுவீக? இதான் என் கேள்வி" என்றாய்.

அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "அது உள்ளூர் பிரச்சினைம்மா. மீனவங்க எல்லை தாண்டிப் பிடிபடுறாங்களே, அதைக் கேளுங்க. கொஞ்சம் கண் கலங்கினா நல்லா இருக்கும்."

உள்ளூர் பிரச்சினையாம்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ தலையை ஆட்டி வைத்தாய். மைக் கைக்கு வந்ததும் மணலைத்தான் கேட்டாய்.

ஆளுங்கட்சி வேட்பாளர் சிரித்தார். "நல்ல கேள்வி" என்றார். அவ்வளவுதான். நிகழ்ச்சி நடத்துகிறவர் மைக்கை வாங்கிக்கொண்டு, "நன்றி அம்மா, உட்காருங்க" என்றார். நீ உட்காரவில்லை. உனக்குப் புரியவில்லை என்று நினைத்து, கையால் சாடை காட்டி மறுபடியும் சொன்னார். அப்போதும் நின்றாய்.

எனக்கு மானமே போனது. உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, உக்காருட்டி. எல்லாரும் பாக்காவ."

"பதில் வரலயே. எங்கூர்க் கூட்டத்துல கேட்டவ உக்காந்தா, பதில் போதும்னு அர்த்தம். எனக்குப் போதல."

ஊர்க் கூட்டம் கூடும் உங்கள் கோயில் முற்றத்து வழக்கத்தைத் தொலைக்காட்சியிலும் எதிர்பார்த்தது உன் வெகுளித்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். அடுத்த கேள்விகளும் வந்தன. எதிர்க்கட்சிக்காரரைக் குடைந்தெடுத்தார்கள். உனக்குப் பதில் சொல்லாத அந்த மனிதரிடமோ, நெல்லைச் சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள். அவர் தேங்காய்ப்பால் சொதியைப் பற்றி உருகி உருகிப் பேசினார். நீ கடைசி வரை நின்றுகொண்டிருந்தாய்.

ஒளிபரப்பில் உன் கேள்வியை வெட்டிவிட்டார்கள். உன்னைத்தான் வெட்ட முடியவில்லை. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் எல்லாரும் உட்கார்ந்திருக்க நீ மட்டும் நடுவில் நின்றாய். மறுநாள் சந்தையில், "எதுக்குக்கா நின்னீக?" என்று கேட்காத ஆள் இல்லை. மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் மணல் கதையைச் சொன்னாய். நான் குறுக்கே புகுந்து அந்தச் சேனலைத் திட்டினால், "தையல் மிஷினுக்குப் பின்னால மட்டும்தாண்டி ஒனக்கு வாய்" என்பாய். உண்மைதான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோனது. மணல் அங்கேயேதான் கிடக்கிறது. உன் மகன் இன்றும் அதன் வழியாகத்தான் போனான்.

அட்டைக்காரப் பெண் இன்று எனக்கும் கேள்வி தேர்ந்து கொடுத்தாள். "தையல் கடைதானே வச்சிருக்கீங்க? இலவச தையல் மிஷின் எப்பக் கிடைக்கும்னு கேளுங்க." நானும் உன்னைப் போலத் தலையை ஆட்டி வைத்தேன்.

மைக் கைக்கு வந்தது. உன் மணல் கேள்வியைக் கேட்டுவிட்டேன். மேடையில் இருந்தவர் மீனவர்களின் வீரத்தைப் புகழ்ந்தார். கூட்டம் கைதட்டியது. "நன்றி அம்மா, உட்காருங்க" என்றார்கள்.

முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. நின்றேன். பின்னாலிருந்து யாரோ ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் பதில் வரலம்மா" என்றேன்.