சுண்ணாம்பு தேய்த்த கை

இன்று காலையில் வெள்ளையடிக்க வந்தவர் முற்றத்தில் சுண்ணாம்பைக் கரைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் இடது கை நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் மயிலாப்பூரில் நம் சந்துக்கு, அம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்த வந்தார்களே, அன்று முதல் ஆளாகப் போய்க் குத்திக்கொண்டீர்கள். அடுத்த நிமிஷமே குழாயடிக்கு ஓடி, மருந்து உடம்பில் ஏறாமலிருக்கக் குத்திய இடத்தில் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவினீர்கள். பார்த்தும் பேசாமல் இருந்தேன். புருஷன் பயந்தாங்கொள்ளி என்று வெளியில் சொல்லிக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு ஆசை?

சில வாரம் கழித்து ஒருநாள் எழுந்தபோது உங்கள் வலது கால் மரத்துப்போயிருந்தது. நிற்க முடியவில்லை. ஊசியால்தான் என்று சந்து முழுக்கப் பேச்சு. அதற்குள் பக்கத்துத் தெருவில் அம்மை கண்டு ஒரு குழந்தை போய்விட்டது. பால் குத்துபவர் மறுபடி வந்தார். சந்தில் எல்லோரும் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். முதல் தடவை காய்ச்சலில் கிடந்ததால் குத்தாமல் விட்ட நம் மகனை நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கழுவியும் மருந்து உள்ளே போய்த்தான் கால் மரத்ததோ என்று எனக்குப் பயம்.

"இன்னாய்யா, அந்தாளு கால் போனது போதாதா?" என்று எதிர்வீட்டுக்காரர் பால் குத்துபவரின் பெட்டியைப் பிடித்து இழுத்தார்.

நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டினீர்கள். தழும்பே இல்லை. "எனக்கு குத்துன எடம் கொப்புளமா பொங்கவே இல்ல. பயந்துகினு அன்னிக்கே சுண்ணாம்பு போட்டுக் கழுவிட்டேன். அவர் மேல பழி போடாதீங்க."

யாரோ சிரித்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

பால் குத்துபவர் அதோடு தப்பித்துப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. "இவருக்கு இதால வந்திருக்காதுங்க. ஆனா எங்கியோ ஒருத்தருக்கு நரம்புல கோளாறு வருதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். அம்மை வந்தா இன்னா ஆவுதுன்னு நீங்களே பாத்துகினு கீறீங்க."

எல்லோரும் உங்களையே பார்த்தார்கள். "அப்ப மொதல்ல எனக்கே குத்துங்க. இந்த வாட்டி கழுவ மாட்டேன்" என்று கையை நீட்டினீர்கள். கை நடுங்கியது. நான் மகனைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்து நின்றேன். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது.

கால் மெல்ல மெல்லச் சரியானது. ஏன் மரத்தது என்று கடைசிவரை எந்த டாக்டரும் சொல்லவில்லை. நம் மகனை அம்மை தொடவே இல்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு, நடுங்குகிற கையை நீட்டிக்கொண்டு நின்றீர்களே, அன்றைக்குத்தான் உங்கள்மேல் எனக்கு ஆசை வந்தது. இன்னும் போகவில்லை.