சாவியை வாங்கிக்கொண்டேன்

அன்புள்ள அக்காவுக்கு,

மகளும் பேரனும் சுகமாக இருப்பதாக அண்ணன் சொன்னார். குழந்தையின் படத்தை வார்டில் ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் காட்டினார். மூக்கு உங்களுடையதாம், பிடிவாதம் யாருடையது என்று போகப் போகத்தான் தெரியுமாம். அந்த ஊர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது?

என் கையெழுத்தில் உறையைப் பார்த்ததுமே உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும். அண்ணன் நல்ல கவனிப்பில் இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். மனைவிக்குத் தானே எழுதுவதாகத்தான் சொன்னார். காகிதத்தை எடுத்து உட்காருகிறார், எழுந்து நடக்கிறார், மறுபடி உட்காருகிறார். ‘அன்புள்ள’ என்பதைத் தாண்டவில்லை.

போன திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அண்ணன் பின்னாலேயே வந்தார். வார்டுச் சாவியையும் மருந்து அறைச் சாவியையும் மேசைமேல் வைத்தார். “நேத்து குடிச்சிட்டேன் மேடம். சாவிய வாங்கிக்கங்க” என்றார். அரை நாள் விடுப்புக் கேட்பவர் போலச் சொன்னார். வார்டில் இருக்கும் யாரையோ பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். “நானேதான் போய் வாங்குனேன்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காரணம் கேட்டேன். சண்டை இல்லை, கவலை இல்லை. பேரன் பிறந்த சேதி வந்ததும் எல்லோருக்கும் இனிப்பு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். வழியில் கால் மதுக்கடைப் பக்கம் திரும்பிவிட்டது. “நான் குடிய விட்டப்புறம், துக்கத்துக்குக் குடிக்கக் கூடாதுன்னு இத்தனை வருஷமா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். சந்தோஷத்துக்கு என்ன பண்ணணும்னு எனக்கே தெரியல” என்றார். இதை உங்களுக்குச் சொல்லலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். குழந்தையின்மேல் பழி வந்துவிடக் கூடாது. மறைத்தால் வேறு எதையாவது நினைத்து நீங்கள் மருகுவீர்கள்.

இடையில் எழுந்து போய்விட்டேன், மன்னியுங்கள். மருந்து வண்டி இன்னும் வரவில்லை. நகரத்தின் மூன்று குடிநோய் மீட்பு மையங்களுக்கும் என்னைப் பொறுப்பாகப் போட்டதிலிருந்து எந்தக் காகிதத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்ததில்லை.

வேலைக்கு இருப்பவர் குடித்தால் அன்றே பொறுப்பிலிருந்து நிறுத்த வேண்டும் என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. உதவி கேட்டு வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் என் கையெழுத்தோடுதான் சுவரில் தொங்குகின்றன. சாவியை வாங்கிக்கொண்டேன். அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டு, அவரை வார்டில் சேர்க்கச் சொன்னேன். தெரிந்த முகங்கள் இல்லாத மையத்தில் சேர்க்கலாம் என்றுதான் பார்த்தேன். மற்ற இரண்டிலும் கட்டில் காலியில்லை. தான் கவனித்துவந்த வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில், நோயாளியாகப் படுத்தார் அக்கா. முதல் இரண்டு நாள் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

பிடித்தது பக்கத்துக் கட்டில் கொத்தனார். அவரைப் பற்றி அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். நன்றாகக் கட்டுவார், தன்னைத்தான் இடித்துக்கொள்வார் என்பாரே, அவர்தான். அண்ணன்தான் தெருவிலிருந்து அவரைத் தூக்கி வந்து சேர்த்தவர். மூன்றாம் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தபோது அண்ணன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் யாருமே உட்காரவில்லை. அண்ணன் கடைசியில் சுவரோரம் குனிந்து இருந்தார். “சார், இங்க வந்தா வாயத் திறக்கணும்னு சொன்னது நீங்க. நாங்கல்லாம் கூசிக் கூசித்தான் பேசுனோம். இப்ப உங்க முறை” என்று கொத்தனார் சொன்னார். நக்கலாகச் சொல்லவில்லை. அண்ணன் பேசினார். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன், உள்ளே போகும் தைரியம் வரவில்லை. உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் சொல்ல மாட்டேன். இவரே விழுந்துவிட்டார், எங்கள் பிள்ளைக்கு இங்கே என்ன ஆகப்போகிறது என்று ஒரு வீட்டார் தங்கள் மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. தெருவில் யார் தள்ளாடிப் போனாலும் அவன்தானோ என்று நின்று பார்க்கிறேன்.

நேற்று மாநகராட்சிச் சுகாதாரக் குழுக் கூட்டம். குடிகாரனை வைத்துக் குடிகாரனைத் திருத்துகிறீர்களா என்று தலைவர் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். “ஆமாங்க, அவருக்குத்தான் வழி தெரியும். இந்தத் தடவை குழி எங்க இருக்குன்னும் தெரிஞ்சிருக்கு” என்றேன். தயாரித்துக்கொண்டு போன பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. கடைசியில் வேலையைப் பறிக்கவில்லை. சம்பளமில்லா விடுப்பு, டாக்டர் சம்மதித்த பிறகு பார்க்கலாம் என்று முடிவு. என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேறு துறைக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள். அதைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள்.

இன்னொரு தடவை குடித்தால் திரும்பி வர மாட்டேன் என்று நீங்கள் முன்பு சொன்னதை அண்ணன் என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. “அவ சொன்னா சொன்னதுதான் மேடம்” என்றார், கொஞ்சம் பெருமையாகக்கூட. நீங்கள் பட்டதை நான் பட்டதில்லை. மன்னித்துவிடுங்கள் என்றோ, உடனே கிளம்பி வாருங்கள் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. மகளுக்கு இப்போது நீங்கள் வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வார்டு வராந்தாவில் உள்ள போனில் வீட்டார் கூப்பிட்டுப் பேசலாம். எண்ணைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் அண்ணன் வராந்தாப் பக்கமே வருவதில்லை. துணி மடிக்கிறேன் என்று உள்ளே போய்விடுகிறார். மடித்ததையே உதறி மறுபடி மடிக்கிறார். மணி அடித்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. போனை எப்போதும் கொத்தனார்தான் எடுப்பார். நீங்கள் அண்ணனிடம் பேச வேண்டும் என்றுகூட இல்லை. கூப்பிட்டது யார் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். போதும்.

தாயும் சேயும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை