தளரத் தெரியாத கீழறை

மார்ச் 3, திங்கள்

பழைய சினிமாக் கொட்டகையை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிய வருஷம். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்து, மூன்று நாள் எல்லாரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த வருஷம். எனக்கு எண்பத்தொன்று முடிந்து, படியேறினால் தவளை மாதிரி கன்னம் உப்பத் தொடங்கியதும் இந்த வருஷம்தான்.

"எப்பெப்போ மூச்சு வாங்குதுன்னு தினமும் எழுதி வையுங்க" என்றார் இதய டாக்டர். ஆளைப் பார்த்துத்தான் சொன்னாரா? கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவன் நான். மகன் போனில் ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுத்தான். அழுத்திவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. என்ன எழுதுகிறதோ, அதற்கே வெளிச்சம்.

ஒன்று நல்லது. எழுத்தாகிவிட்டால் பெட்டியில் போட்டுப் பூட்டின மாதிரி. இத்தனை வருஷத்தில் எனக்கு அது திறந்ததே இல்லை. அதனால் இங்கே உண்மையைச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகிறேன் என்று மருமகளிடம் சொல்வது பொய். ஏணி வீட்டுக்குப் போகிறேன். ஏணி என்பது ஆள். உயரத்துக்கு வைத்த பேர். வீடு மாறுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் நாற்பது வருஷம் சேர்ந்து சுமந்தோம். மேல்பக்கம் அவன், கீழ்ப்பக்கம் நான். இப்போது நாலாவது மாடியில் இருக்கிறான். லிஃப்ட் கிடையாது. முட்டி போய்விட்டது, இறங்கமாட்டான். எனக்கும் படி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால்? அவன் மேலே, நான் கீழே, போனில் இருமிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 6, வியாழன்

இன்று மூச்சு வாங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாவது மாடியில் நின்றுவிட்டேன். சுவர் என்னைப் பிடித்ததா, நான் சுவரைப் பிடித்தேனா தெரியவில்லை. மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏணி கத்தினான்: "என்னடா, அங்கயே குடித்தனம் வச்சுட்டியா?"

"கயிறு அவுந்துருச்சு, கட்டுறேன்."

"ரப்பர் செருப்புக்கு ஏதுடா கயிறு?"

பொய் சொல்லக்கூட மூச்சு வேண்டியிருக்கிறது.

மார்ச் 12, புதன்

எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கப் போனோம், நானும் மருமகளும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் ஐஸ் மாதிரி ஒரு பசையைத் தடவினாள் ஸ்கேன் எடுக்கிற பெண்.

"துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல இதயத்தோட கீழறை தளர்ந்து விரியும்ங்கய்யா. அப்போ ரத்தம் எப்படி உள்ள வருதுன்னு அளக்கறேன்."

திரையில் இரண்டிரண்டு மேடாக வந்தது. முதல் மேடு உயரம், அடுத்தது குட்டை. "பார்க்கச் சரியாத்தான் இருக்கு" என்றாள். மருமகளைப் பார்த்து நான் புருவத்தை உயர்த்தினேன். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

"இப்போ மூச்சைப் பிடிச்சு, வயித்தை நல்லா முக்குங்க."

யாரைப் பார்த்து? மூன்று கதவு இரும்பு பீரோவைத் தூக்கின வயிறு! பத்து நொடி போதும் என்றாள். அவள் கையைத் தட்டி நிறுத்தும்வரை முக்கினேன். கண் பிதுங்கத் திரையைப் பார்த்தால், மேடு இரண்டும் இடம் மாறிவிட்டன. முன்னால் குட்டை, பின்னால் நெட்டை.

டாக்டர் விளக்கினார். "உங்க இதயம் நல்லா சுருங்குது. தளர்றதுதான் வரலை, இறுகிப்போச்சு. சும்மா அளந்தா சரியா இருக்கிற மாதிரி வேஷம் போடும். நீங்க முக்கின முக்குல குட்டு வெளிப்பட்டுருச்சு."

நுணல் வாயால் கெட்டது. நான் வயிற்றால் கெட்டேன்.

"படி ஏறறீங்களா?"

"ஒரு மாடிகூட இல்லீங்க."

"எழுதி வச்சீங்களா?"

பெருமையாகப் போனை நீட்டினேன். வாங்கியவர் சத்தமாகவே படிக்கத் தொடங்கினார். பூங்கா, பொய், நாலாவது மாடி, ரப்பர் செருப்பு. பக்கத்தில் மருமகள். எனக்குத் திறக்காத பெட்டி ஊருக்கே திறக்கும் என்று ஏன்டா தோன்றவில்லை உனக்கு, மடையா? வாயாலும் கெட்டேன்.

மாத்திரை எழுதினார். "நாலு மாடி கூடவே கூடாது. ரெண்டு வரைக்கும், அதுவும் உட்கார்ந்து உட்கார்ந்து."

வரும் வழியில் மருமகள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "பூங்காவாம்."

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாளாகத் தட்டு மட்டும் வருகிறது. பேச்சு வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் மடக்கு நாற்காலி இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள் மருமகள். "கிளம்புங்க மாமா, பூங்காவுக்கு."

ஏணி வீட்டுப் படியில் எட்டுக்கு ஒரு தடவை உட்கார வைத்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலிகளை விரித்துவிட்டு அண்ணாந்து குரல் கொடுத்தாள். "பெரியப்பா! இதுக்கு மேல இவர் வரமாட்டார். நீங்க இறங்குங்க!"

"முட்டிம்மா!"

"இங்க நெஞ்சு!"

மேலே கைப்பிடிக் கம்பி கிறீச்சிட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைத்து, பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கினான். அரைமணி நேரம் ஆகியிருக்கும். உட்கார்ந்ததும் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

சுமை தூக்கின எங்கள் கூட்டத்தில் ஏழு பேர், எல்லாருக்கும் பட்டப்பேர்தான். கரடி செத்துப் போய்ப் பதினெட்டு வருஷம். அதே வருஷ மழைக்காலத்தில் சோடாபுட்டி. இரட்டையர் இரண்டு பேரும் ஒரே மாதத்தில். வண்டி ஓட்டின மொட்டை போன வருஷம். என்னைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஏணி.